எந்த மாதம், எந்தக் கரை?

இலங்கைக்குச் சுற்றுலா போக முடிவெடுத்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பீச் நல்லா இருக்கும்?" என்பதுதான். இதற்கு விடை சொல்லும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. உனவட்டுன, மிரிஸ்ஸ, நிலாவெளி, பாசிக்குடா என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிப்ரவரியில் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் விளையாடும் உனவட்டுனவுக்கும், ஜூலையில் கலங்கிக் கொந்தளிக்கும் உனவட்டுனவுக்கும் ஒரே மதிப்பெண்ணை எப்படிப் போடுவது? மலையும் கோயிலும் கோட்டையும் எந்த மாதம் போனாலும் அப்படியே இருக்கும். மணற்கரை இருக்காது. காற்றும் அலையும் ஆறும் சேர்ந்து அந்தந்தப் பருவத்துக்கு அதைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வில்லங்கம் உண்டு. நமக்குப் பெரிய விடுமுறை மே மாதம். கொழும்பில் இறங்கினால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவ, காலி. மே மாதக் கடைசியில் அந்தக் கரை முழுவதும் கடல் சீறிக்கொண்டிருக்கும். காசு கொடுத்துக் கடலோரத்தில் அறை எடுத்துவிட்டு, விடுதியின் நீச்சல் குளத்திலேயே நாளைக் கழித்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் அதிகம். அதே வாரம் தீவின் மறுபக்கத்தில், திருகோணமலையில், கடல் தூங்கிக்கொண்டிருக்கும்.

காரணம் காற்று. இலங்கை சிறிய தீவு. பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். ஆனால் அதன் நடுவே 2,500 மீட்டர் வரை உயரும் மலைத்தொகுதி நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று, அரபிக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் தடையில்லாமல் வீசி, மேற்கு, தென்மேற்குக் கரைகளில் அலையைக் கொண்டுவந்து மோதுகிறது. மலையில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கிழக்கே இறங்கும்போது அது சூடான வறண்ட காற்றாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்பார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் உடம்பை வாட்டும் அந்த வறண்ட காற்றுக்குக் கச்சான் என்று பெயர். கிழக்குக் கரையைப் பொறுத்தவரை இது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. நிலத்திலிருந்து வீசும் காற்றால் கரையருகே அலையைப் பெரிதாக்க முடியாது. அலை வளர வேண்டுமானால் காற்று வெகுதூரம் நீரின்மேல் ஓட வேண்டும். ஆகவே கரை ஓரம் கடல் மட்டமாகக் கிடக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாம் தலைகீழ். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து கிழக்குக் கரையில் மோதும். அப்போது திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் முரடு. மிரிஸ்ஸவும் உனவட்டுனவும் அமைதி. இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏறக்குறைய தீவு முழுவதும் கடல் சாதுவாக இருக்கும். மாலையில் இடி மழை வரலாம், அவ்வளவுதான். அக்டோபர், நவம்பரும் இடைப்பருவம்தான், ஆனால் அதை நம்ப முடியாது. வங்காள விரிகுடாவில் புயல் சின்னங்கள் உருவாகும் மாதங்கள் அவை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைப் பார்த்த தலைமுறை இன்னும் அங்கே இருக்கிறது.

இந்த விதியைச் சுற்றுலாத் துறை கண்டுபிடிக்கவில்லை. கரைவலை இழுப்பவர்களுக்கு இது பரம்பரை அறிவு. கரையிலிருந்து படகில் வலையை அரைவட்டமாக விரித்து, இரு முனைகளையும் மணலில் நின்று ஆட்கள் இழுக்கும் தொழில் அது. கடல் அமைதியாக இருந்தால்தான் செய்ய முடியும். எனவே மேற்குக் கரையின் மீனவர்கள் சோளகம் தொடங்கியதும் குடும்பத்தோடு கிழக்குக்கு இடம்பெயர்ந்து, கடலோரத்தில் வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்கி, வாடைக்காற்று வருமுன் ஊர் திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. உங்கள் பயணத் திட்டமும் அவர்கள் போன வழியிலேயே போனால் போதும். மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா. டிசம்பர் முதல் மார்ச் வரை உனவட்டுன, மிரிஸ்ஸ, பெந்தோட்டை.

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. கிழக்குக் கரையின் தென்கோடியில், பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அறுகம்பே. கிழக்கில் கடல் அமைதியாக இருக்கிறது என்று நான் சொன்ன அதே மாதங்களில்தான் உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். உள்ளூர்க் காற்று கிளப்பாத அலை எங்கிருந்து வருகிறது? அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடலிலிருந்து. அங்கே நம் கோடைக்காலம் குளிர்காலம். புயலுக்குப் பின் புயலாக வீசும். அந்தப் புயல்கள் எழுப்பும் அலைகளில் நீளமானவை மட்டும் வலுவிழக்காமல் வடக்கே பயணம் செய்கின்றன. இரண்டு அலைகளுக்கு இடையே 15 நொடி இடைவெளி இருந்தால், அந்த அலைக்கூட்டம் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு 1,000 கிலோமீட்டர், நகரும். தெற்கே 45 முதல் 50 பாகை அட்சரேகையில் பிறந்த அலை, கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர் கடந்து ஆறாம் நாள் அறுகம்பே முனையில் வளைந்து உடைகிறது. அங்கே உள்ள வெயிலுக்கும் தென்றலுக்கும் அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

சம்பந்தம் இல்லாததுதான் ஆபத்து. தென் பெருங்கடலிலிருந்து வரும் இந்த அலைகள் சில நாட்களில் முன்னறிவிப்பில்லாமல் கரையேறுவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். இப்போது இந்தியக் கடல்சார் தகவல் மையமும் எச்சரிக்கை அறிக்கைகளில் அதே பெயரைப் பயன்படுத்துகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்களே, அப்போது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் இல்லை, இறங்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இலங்கையின் தென்கரை முழுவதும் இதே அலைகளுக்கு நேரெதிரே இருக்கிறது. அதற்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே நிலமே இல்லை.

மாதமும் பக்கமும் முடிவாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது மணல். மணல் என்று அறிவியல் சொல்வது ஓர் அளவைத்தான், 0.06 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை உள்ள எந்தத் துகளும் மணலே, அது எதனால் ஆனதாக இருந்தாலும். அந்த அளவுக்குள்ளேயே பொடி மணல், பருமணல் என்ற வேறுபாடு கடற்கரையின் குணத்தை முழுதாக மாற்றிவிடுகிறது.

அலை கரையேறும்போது மணலை மேலே தள்ளுகிறது. திரும்பி இறங்கும்போது கீழே இழுக்கிறது. பருமணலில் துகள்களுக்கு இடையே இடைவெளி அதிகம். ஏறிய நீரில் பெரும்பகுதி உள்ளே வடிந்துவிடும், இழுத்துச் செல்லத் திரும்பும் நீர் குறைவு. எனவே தள்ளிய மணல் மேலேயே தங்கி, கரை செங்குத்தாக வளரும். பத்தடிக்கு ஓரடி சரியும் கரைகள் உண்டு. பொடி மணலில் நீர் எளிதில் இறங்காது. ஏறிய நீரெல்லாம் மணலையும் அரித்துக்கொண்டு திரும்பிவிடும். கரை தட்டையாகப் பரந்து, ஐம்பது அடிக்கு ஓரடிதான் சரியும். அதைவிடக் குறைவாகவும் சரியும்.

இதில் விடுமுறைக்காரருக்கு என்ன இருக்கிறது? எல்லாமே இதில்தான் இருக்கிறது. அலை, தன் உயரத்தைவிடச் சற்றே அதிக ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடையும். தட்டைக் கரையில் அந்த இடம் வெகு தொலைவில் இருக்கும். அங்கே உடைந்து, நுரையாகிச் சோர்ந்து, உங்கள் காலடிக்கு வரும்போது அதில் வலு இருக்காது. செங்குத்துக் கரையில் அலை நேராகக் காலடியில் வந்து விழும். ஒரு மீட்டர் அலைதானே என்று நினைப்பவரின் காலை வாரி, தலைகுப்புற மணலில் அடிக்கும்; கழுத்தெலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஈர மணலில் நடந்து பாருங்கள். குதிகால் பதியாமல் தரை கெட்டியாக இருந்தால் பொடி மணல், பிள்ளைகளை இறக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் வரை புதைந்தால் பருமணல்; பிள்ளைகள் கரையில் வீடு கட்டி விளையாடட்டும்.

யாழ்ப்பாணத்துக் காரைநகரில் உள்ள கசூரினா கடற்கரை தட்டைக் கரைக்கு எல்லை எனலாம். முழங்கால் நீரில் வெகுதூரம் நடந்துகொண்டே போகலாம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது, அகலமும் குறைவு; பெரிய அலை வளர அங்கே இடமில்லை. நீந்தத் தெரிந்தவருக்கு இது அலுப்பூட்டும் கடல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் இலங்கையில் இல்லை.

ஏற்றவற்றம் பற்றிக் கவலை வேண்டாம். அந்தமானில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 2 மீட்டர் அளவுக்கு வேறுபாடு வரும். அட்டவணை பார்க்காமல் போனால் சில கரைகளில் மணலே இருக்காது. இலங்கையில் அது ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. ஆனால் கசூரினா போன்ற தட்டைக் கரையில் அரை மீட்டர் வற்றினாலும் நீர் ஐம்பது மீட்டர் பின்வாங்கிவிடும். காலையில் விட்டுப்போன கடல் மாலையில் இன்னும் தள்ளி இருந்தால் திகைக்காதீர்கள்.

இனி நிறம். வெள்ளை மணல் என்றால் உயர்ந்தது, கறுப்பு என்றால் அழுக்கு என்று ஓர் எண்ணம் படிந்துபோயிருக்கிறது. நிறம் காட்டுவது பிறந்த இடத்தை மட்டுமே. இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகள். அவை வெயிலிலும் மழையிலும் சிதையும்போது பெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் களிமண்ணாகிக் கரைந்துவிடும். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக ஆற்றில் உருண்டு கடலுக்கு வரும். இந்தத் தீவில் 103 ஆற்றுப் படுகைகள் உள்ளன. அத்தனையும் கடலுக்கு மணல் தருபவை. குவார்ட்ஸ் துகள்மீது இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்தால் பொன்னிறம். தென்மேற்குக் கரைகளின் பொன் மணல் பெரும்பாலும் அதுதான்.

வெள்ளை மணலில் இரண்டு சாதி. ஒன்று நன்றாகக் கழுவப்பட்ட தூய குவார்ட்ஸ். மற்றது உயிரினங்கள் உண்டாக்கியது: உடைந்த பவளம், சிப்பி, சுண்ணாம்புப் பாசி. பவளப் பாறையைக் கடித்துப் பாசியைத் தின்னும் கிளிமீன்கள் அரைபட்ட சுண்ணாம்பை மணலாகக் கழிக்கின்றன. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றி நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்களின் உபயம் என்று கணக்கிட்டது. தேனிலவுப் படங்களில் கால் புதைத்து நிற்கும் வெண்மணல் பெரும்பாலும் மீன் எச்சம் என்பதைச் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சிட்டிகை மணலும் எலுமிச்சம்பழமும் போதும். சாறு பட்டதும் குமிழி விட்டால் சுண்ணாம்பு, அதாவது பவளமும் சிப்பியும். சும்மா கிடந்தால் குவார்ட்ஸ். உணவு மேசையில் வினிகர் இருந்தால் அதுவும் உதவும். குமிழி வந்தால் பக்கத்தில் எங்கோ பவளப்பாறை இருக்கலாம் என்று பொருள். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க அதுதான் இடம். காலில் கிழிபடாமல் இருக்க ரப்பர் செருப்பும் தேவைப்படும்.

இந்தச் சோதனையை வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் செய்தால் ஒரு புதிர் கிடைக்கும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்பன், வல்லிபுரம், மணற்காடு வரை குன்று குன்றாகக் கிடப்பது வெள்ளை சிலிக்கா மணல். சுண்ணாம்புப் பாறை குவார்ட்ஸைத் தராது. தெற்கே பெருநிலத்து ஆறுகள் கடலில் கொட்டியதைக் கரையோர நீரோட்டம் வடக்கே நகர்த்தி வர, காற்று அதைக் கரையேற்றிக் குவித்திருக்கிறது. மணற்காட்டில் ஒரு பழைய தேவாலயமே மணலுக்குள் புதைந்து நிற்கிறது. குளிக்கப் போகாவிட்டாலும் பார்க்கப் போகலாம்.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக்குப் போனால் கரை கறுப்பு. எண்ணெய்க் கசிவோ என்று தோன்றும். அது இல்மனைட், கூடவே ரூட்டைல், சிர்க்கோன். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7. வாடைக்காலத்து முரட்டு அலை எல்லாத் துகளையும் வாரிக் கரையில் போடுகிறது. திரும்பும் நீருக்கு அத்தனை வலு இல்லாததால் லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் தங்குவதுபோல, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அலை புடைத்துச் சேர்த்த கனிமம் அது. அரசு நிறுவனம் ஒன்று அதை எடுத்து ஏற்றுமதி செய்கிறது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டின் வெண்மைக்கு மூலப்பொருள் இந்தக் கருமணல்தான் என்பது வேதியியலின் குறும்பு. தெற்கே நிலாவெளியின் வெள்ளை மணலிலும் கருங்கோடுகள் தெரியலாம். கையில் ஒட்டினால் தட்டிவிடுங்கள், அழுக்கில்லை. மத்தியான வெயிலில் மட்டும் அதன்மேல் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கருமணல் வெயிலை உறிஞ்சிவிடும், பவள மணல் திருப்பி அனுப்பிவிடும்.

அம்பாந்தோட்டைப் பக்கம் சில இடங்களில் மணல் செந்நிறமாக மினுங்கும். அது கோமேதகத்தின் உறவுக் கனிமமான கார்னெட். பேருவளைக் கரையில் தோரியம் அடங்கிய மோனசைட் மணல் திட்டுகள் உண்டு; நாலு நாள் விடுமுறைக்குப் போகிறவர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மோனசைட் மிகுந்த கேரளக் கரையில் மக்கள் தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்கிறார்கள்.

மணலுக்கு அடுத்தபடி, கரையின் வளைவு. மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாவும் கல்குடாவும் பக்கத்துப் பக்கத்துக் குடாக்கள். ஒரே காற்று, ஒரே கடல். ஆனால் பாசிக்குடாவில் வாயில் பவளத்திட்டு தடுத்து நிற்க, உள்ளே ஆழமில்லாத நீர் வெகுதூரம் அசையாமல் கிடக்கிறது. கல்குடா திறந்த கரை. அலை நேராக வருகிறது, கூட்டமும் குறைவு. குடும்பத்தோடு போனால் முதலாவது, தனியாக நடக்க இரண்டாவது என்பது என் கட்சி. பொதுவாகவே குடாவின் இரு முனைகளிலும் அலை குவிந்து வலுக்கும், நடுவே விரிந்து தளரும். வரைபடத்தில் கரையின் வடிவத்தைப் பார்த்தே இதில் பாதியை ஊகித்துவிடலாம்.

நிலத்திலிருந்து காற்று வீசும் அமைதியான கடலிலும் ஒரு பொறி இருக்கிறது. காற்றடைத்த மிதவையில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அரட்டை அடித்தால், கச்சான் அதைச் சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். அலை இல்லாததால் யாருக்கும் எச்சரிக்கை தோன்றாது.

அலை உள்ள கரையில் அஞ்ச வேண்டியது அலையைவிட இழுப்பை. உடைந்த அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய நீர் திரும்பிப் போக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ, அங்கே ஒன்றுசேர்ந்து ஓடையாகக் கடலுக்குள் பாயும். அந்தப் பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இருபுறமும் வெண்ணுரை, நடுவே கருமையாக, அலையில்லாத ஒரு பாதை. அனுபவமில்லாதவர் கண்ணுக்குக் குளிக்கத் தோதான இடம் அதுவாகத்தான் படும். வலுவான இழுப்பின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். நூறு மீட்டர் நீச்சலில் உலக சாதனை படைப்பவரின் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தி வென்றவர் இல்லை. சிக்கிக்கொண்டால் மல்லாந்து மிதந்து, கையசைத்து உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். ஓடை அகலமானதல்ல, வெளியே வந்துவிடலாம். தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிடம் மேட்டில் நின்று கடலைப் பார்ப்பது நல்ல பழக்கம். பாறை முனைகளை ஒட்டியும், களப்பு (உப்பங்கழி) கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும் இறங்கவே வேண்டாம்.

பவளத்துக்காகப் போகிறவர்கள் நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள புறாத்தீவுக்குப் போவார்கள். 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது. மேற்கே ஹிக்கடுவவில் ஒரு காலத்தில் இருந்த பவளத்தின் பெரும்பகுதி 1998இல் கடல் சூடேறியபோது வெளிறி மடிந்தது. பவளத்தின்மேல் ஏறி நிற்காதீர்கள். ஓர் அடி வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சொறிமீன் மிதக்கிறதா என்று படகுக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கொஸ்கொட, ரேகவ கரைகளில் இரவில் ஆமை முட்டையிட வரும்; விளக்கு அடிக்கக் கூடாது. முட்டை இருக்கும் மணல் 29 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால் பெண் குஞ்சுகள் அதிகமாகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள். மணலின் நிறத்துக்கு இதிலும் பங்கு உண்டு.

இத்தனையும் மணல் இருந்தால்தான். கரையில் மணல் நின்றிருப்பதில்லை. அலை கரையைச் சாய்வாகத் தாக்குவதால் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓட்டம் வடக்கு நோக்கி. அந்தப் பாதையில் அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் ஒரு துறைமுகம் கட்டி, கடலுக்குள் கல்லணை நீட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மேடிட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர் கரைகளுக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் தென்னந்தோப்புகளைத் தின்றுகொண்டு உள்ளே வந்தது. துறைமுகத்தின் வாயையும் மணல் அடைத்துக்கொண்டது. கட்டுமுன் யாராவது ஒரு மீனவரைக் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பார். மேற்கே வேறு கதை. மகா ஓயாவிலும் களனியிலும் கட்டடங்களுக்காக மணலை அள்ளியதால் நீர்கொழும்பிலிருந்து வடக்கே கரை தேய்கிறது. மகாவலியின் மணலில் ஒரு பங்கு விக்டோரியா, ரந்தெனிகல அணைகளுக்குள் தங்கிவிடுகிறது.

கரைக்குப் பின்னால் உள்ள மணல்மேடு கடற்கரையின் சேமிப்பு. முரட்டுப் பருவத்தில் அலை அதிலிருந்து மணலை எடுத்துக் கடலுக்குள் திட்டாகப் போட்டு வைக்கும். அந்தத் திட்டில் மோதி அடுத்த அலைகளே தளரும். பருவம் மாறியதும் சிறிய அலைகள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் வேர்விட்டுப் பிடித்து வைத்திருப்பது இந்தச் சேமிப்பைத்தான். கடல் தெரிய வேண்டும் என்று அந்த மேட்டை வழித்துத் தள்ளும் விடுதிகள் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையை ஆராய்ந்த அறிவியலாளர்கள், யால பகுதியில் காட்சிக்காக மணல்மேட்டில் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி முற்றாக அழிந்ததை 2005இல் 'சயன்ஸ்' இதழில் பதிவுசெய்திருக்கிறார்கள். மேடு தொடாமல் விடப்பட்டிருந்த பக்கத்துப் பகுதிகளுக்கு அந்தக் கதி நேரவில்லை.

அறை பதிவு செய்யும்போது படத்தில் படுக்கையைப் பார்ப்பதோடு கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கொடி படர்ந்த மேடு இருந்தால் எடுங்கள். கருங்கல் சுவர் இருந்தால் வேறு கரை தேடுங்கள். அலை சுவரில் மோதித் திரும்பும் வேகத்திலேயே முன்னால் மிச்சமிருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போய்விடும்.